உப்புமலை ராணி சொன்னது

தூத்துக்குடியில் முதன்முதலாகப் படம் ஓடிய அந்த மத்தியானம், கடற்கரையோர உப்புக் கிட்டங்கியின் கதவுகளையெல்லாம் சாத்தி, கூரை ஓட்டைகளைச் சாக்கு வைத்து அடைத்து, வெளுத்த தோணிப் பாய் ஒன்றைச் சுவரில் இழுத்துக் கட்டி, ஞானாதிக்கம் தன் கையாலேயே படப்பெட்டியைச் சுற்றத் தொடங்கியபோது, ஊரே ராணியைப் பார்த்தது, ராஜாவைப் பார்த்தது, ராஜாவின் பின்னாலேயே வாலாட்டிக்கொண்டு போன தெரு நாயையும் பார்த்தது. ஞானாதிக்கத்தின் தங்கை தபீத்தாள் மட்டும் ஒரு காக்கை கரைவதைக் கேட்டாள்.

தபீத்தாளுக்குச் சின்ன வயசில் காய்ச்சல் கண்டு காது போயிருந்தது. அதற்குப் பிறகு அவளுக்குக் கடல் என்றால் நுரை, மாதாகோயில் மணி என்றால் ஆடுகிற கயிறு, அண்ணன் என்றால் அசைகிற உதடு. கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் போட்டோ எடுத்துப் பிழைத்த அண்ணனுக்கு இருட்டறையில் தகடு கழுவிக் கொடுத்துக்கொண்டு, பெண் கேட்டு யாரும் வராமல், நாற்பதை நெருங்கிவிட்டாள். பேச்சு மட்டும் மறக்கவில்லை. தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்பதுதான் அவளுக்குத் தெரியாது. ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அதனால் காக்கைச் சத்தம் வந்ததும் அவள் கூரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகுதான் பாயின் ஓரத்தில் பனைமட்டையில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்தாள். அது அலகைத் திறக்கும்போதெல்லாம் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் அலை வந்தது, உப்பளத்துக் காற்று வந்தது, காற்றுக்குள் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டது வந்தது. பெட்டி சுற்றுகிற சத்தமோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் இருமலோ அவளுக்குக் கேட்கவில்லை. பாயில் இருந்தது மட்டும் கேட்டது. கடைசியாக ராஜா வாயைத் திறந்தார்.

ராணியை நாட்டை விட்டுத் துரத்துகிற கட்டம் அது. பாய்க்குப் பக்கத்தில் கம்போடு நின்று ஊமைப் படத்துக்குக் கதை சொன்ன புலவர், “அடி பாதகி, என் முகத்தில் விழிக்காதே” என்று ஜனங்களுக்காக முழங்கிக்கொண்டிருந்தார். தபீத்தாளுக்குக் கேட்டதோ ராஜா சொன்னது: “இந்தத் தாடியை என்னத்தைவே போட்டு ஒட்டுனீரு, அரிச்சுக் கொல்லுது. வீட்ல மேரி வேற சீக்கிரம் வரச் சொன்னா. எனக்கு அவகிட்ட பயம்வே.”

“அண்ணே, எனக்குக் கேக்கு,” என்றாள் தபீத்தாள். கிட்டங்கி முழுக்கத் திரும்பியது. அவள் கேட்டதை அப்படியே சொன்னாள். ராஜாவாக நடித்த துறைமுகத்துச் சவரிராயன் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொள்ள, அவன் மனைவி மேரி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

நடிகர்களிடம் ஞானாதிக்கம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தான். “இந்தப் பெட்டிக்குக் கண்ணு மட்டுந்தான் உண்டு, காது கெடையாது. வாய் அசைஞ்சாப் போதும். வாய்க்கு வந்ததைப் பேசுங்க, சுத்துத சத்தத்துல எனக்கும் கேக்காது.” சொல்ல வேண்டியதையெல்லாம் விழுங்கியே பழகிய ஜனங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வரம் என்று அவனுக்கு அப்போது தெரியாது. போட்டோக்காரனாக இருந்தவன், கொழும்புக் கப்பலில் வந்த, படம் எடுக்கவும் ஓட்டவும் ஆகிற கைச்சுற்றுப் பெட்டி ஒன்றை வாங்கி, அசையாத படம் எடுத்து அலுத்துப்போய், இந்தப் பக்கத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்கிறோம் என்கிற நினைப்பிலேயே ராத்தூக்கம் இல்லாமல் திரிந்தவன் அவன். உப்பளத்தில் குவித்திருந்த உப்பையெல்லாம் மலையாகக் காட்டி, “உப்புமலை ராணி” என்று படத்துக்குப் பேர் வைத்திருந்தான். பார்க்கிறவர்கள் அழ வேண்டும் என்று எடுத்தான்.

தபீத்தாள் உதட்டைப் பார்த்துச் சொல்லியிருப்பாள் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த கட்டத்தில் மந்திரி முதுகைக் காட்டி நின்றுகொண்டு கடலைப் பார்த்துப் பேசினார். அதையும் அவள் சொன்னாள்: “அந்தோணிக் கெழவனோட முருங்கை மரத்தை வெட்டினது நாந்தான். அதுலேர்ந்து அவன் மூஞ்சியப் பாக்க முடியல.” மந்திரியாக நடித்த தையற்காரர் சூசை மெல்ல எழுந்து வெளியே போனார். மறுநாள் காலையில் அந்தோணிக் கிழவனின் வேலியோரத்தில், நுனியில் சாணி உருட்டி வைத்த முருங்கைக் கொம்பு ஒன்று ஊன்றியிருந்தது. கிழவன் அதற்கு ஒரு செம்பு தண்ணீர் விட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு சங்கு அறுக்கிற மீராசா வந்தார். வாழ்நாளெல்லாம் சங்கில் ரம்பம் இழுத்த சத்தத்தில் காது அடைத்துப்போன மனுஷர் அவர். அவருக்கும் கேட்டது. பஞ்சாலையில் நூல் நூற்கிற கதிர் ஓடுகிற இரைச்சலில் காதைக் கொடுத்துவிட்டு நின்ற ஆட்கள் கூட்டமாக வந்தார்கள், அவர்களுக்கும் கேட்டது. பிறவியிலேயே கேளாதவர்களுக்கும் கேட்டது. அவர்கள் அது என்னவென்று தெரியாமல் பயந்து, பிறகு சிரித்து, பிறகு தினமும் வந்து முதல் ஆளாக உட்கார்ந்தார்கள்.

ஊர் இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் இல்லை, அதிசயித்து நிற்கவும் இல்லை, மழை வந்தால் குடை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. படத்துக்குப் போகிறவர்கள் கூடவே காது கேளாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தங்கள் வீட்டில் அப்படி ஒரு ஆள் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டார்கள். கூழ் குடிக்கக்கூடக் கூப்பிடாத சித்தப்பாவுக்குப் புதுவேட்டி கட்டி மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். காது நன்றாகக் கேட்கிற இரண்டு பேர், மரியாதைக்கு ஆசைப்பட்டுச் செவிடு என்று சொல்லி முன்வரிசையில் உட்கார, பின்னாலிருந்து ஒருத்தி “பாம்பு” என்று மெதுவாகச் சொன்னதும் எழுந்து ஓடினார்கள். மாதாகோயில் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், காதை எடுத்த ஆண்டவர் அதைத் திருப்பித் தருவதற்கு எந்த வாசலை வேண்டுமானாலும் திறப்பார் என்றார். புலவர் கம்பைப் போட்டுவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ காது கேளாத தன் மைத்துனனை அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ராஜா சொல்ல வேண்டியதைத் தானும், சொன்னதை மைத்துனனுமாகச் சொல்லத் தொடங்கினார். ஜனங்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

ஆனால் ராணி அழுகிற கட்டம் வந்தபோது வேறு மாதிரி ஆயிற்று.

ராணி வேஷத்துக்கு ஊரில் யாரும் மகளையோ மருமகளையோ அனுப்பவில்லை. ஆணுக்குச் சேலை கட்டிப் பார்த்தான் ஞானாதிக்கம், சரிவரவில்லை. கொழும்புக் கப்பலில் வந்து இறங்கி, உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த வடிவு என்கிறவள்தான் தானாக வந்து நின்றாள். “இந்தப் படம் எந்தெந்த ஊருக்குப் போவும்?” என்று மட்டும் கேட்டாள். “எல்லா ஊருக்கும்,” என்றான் அவன், ஆசையில். “அப்போ நான் நடிக்கேன்,” என்றாள். அவளுக்குச் சொந்த ஊர் எது, யார் எவர் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் உப்பைப் பார்ப்பாள்.

பாயில் ராணி வெள்ளை மலையின் அடியில் தனியாக உட்கார்ந்து வாயைத் திறந்தாள். தபீத்தாளுக்குக் கேட்டது:

“ஆவுடை, நான் ஓடிப்போகலம்மா. ஒங்கப்பா செத்த பெறகு, தேயிலைக்குப் போயிட்டு வா, புள்ளைய நான் பாத்துக்கிடுதேன்னு ஒங்க பெரியப்பாதான் கங்காணிகிட்ட என்னை அனுப்பினாரு. நான் திரும்பி வந்தப்போ வீடு பூட்டிக் கெடந்துது. எந்த ஊருக்குக் கொண்டு போனாவன்னு ஒருத்தரும் சொல்லல. ஒன் எடது புருவத்துல ஆட்டுக்குட்டி முட்டின தழும்பை நெனச்சுக்கிட்டே தேடுதேன். நான் ஓடிப்போகலம்மா.”

“ராணி என்ன சொல்லுதா?” என்று பின்னாலிருந்து தோளைத் தட்டிக் கேட்டார்கள்.

தபீத்தாள் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அழுதா,” என்றாள். “அழுகைதான். வார்த்தை ஒண்ணுமில்ல.”

மறுநாள் மீராசாவிடம் கேட்டார்கள். அழுகைதான் என்றார். பஞ்சாலை ஆட்களிடம் கேட்டார்கள். வெறும் அழுகை என்றார்கள். புலவரின் மைத்துனன், எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பாதி கூட்டிச் சொல்கிறவன், அந்த இடத்தில் மட்டும் கையை விரித்தான். அவர்கள் யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. முருங்கை மரத்தைச் சொல்லலாம், தாடி அரிப்பைச் சொல்லலாம், இதைச் சொல்லக்கூடாது என்று தெரிய அவர்களுக்குக் கலந்து பேச வேண்டியிருக்கவில்லை.

வடிவு ஒரு நாள் வேலை முடிந்து தபீத்தாளைத் தேடி வந்தாள். இருட்டறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி நிமிர்ந்து பேசினாள்.

“அக்கா, எல்லாரும் சொன்னதையும் சொல்லுதீங்களாமே. நான் சொன்னதை ஏன் சொல்லல?”

“அது ஒன் பொருளு. ஒன்னைக் கேக்காம நான் எப்படி எடுத்துக் குடுக்க?”

வடிவு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். “அழுதுக்கிட்டே சொன்னேன். ஓடிப்போகலைன்னு சொன்னது வெளங்கிச்சா?”

“வெளங்கிச்சு. ரெண்டு தடவை சொன்னே.”

“இத்தனை வருசத்துல ஒருத்தர்கிட்டயும் சொல்லலக்கா. சொன்னா, ஓடிப்போனவ சொல்லுத கதைன்னு சொல்லுவாவ. படத்துல என் மூஞ்சி போனா, எந்த ஊர்லயாவது அவ பாப்பாள்ளா, பாத்தா தெரியுமுல்லான்னுதான் நடிச்சேன்.” முழங்காலில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டினாள். “கேட்ட ஆளு இருக்குன்னு தெரிஞ்சதும் பசிக்கி. என்ன வச்சிருக்கீங்க?”

தபீத்தாள் பழைய சோறும் கருவாடும் வைத்தாள். வடிவு சட்டி காலியாகும் வரை சாப்பிட்டாள்.

ஞானாதிக்கத்துக்கோ மனசு விட்டுப்போயிருந்தது. அழ வைக்க எடுத்த படத்துக்கு ஊர் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ராஜா வந்தாலே “தாடி அரிக்கா?” என்கிறார்கள். இரண்டாவது படத்துக்கு வசனம் எழுதி, மனப்பாடம் செய்ய வைத்து, அதையே பேசச் சொன்னான். யாராவது கேட்பார்கள் என்று தெரிந்ததும் நடிகர்களின் நாக்கு ஒட்டிக்கொண்டது. போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்து நின்றார்கள். அந்தப் படத்துக்கு வந்த கூட்டம் பாதியில் எழுந்து போனது. அப்போதுதான் வளையல் செய்கிற ஒருவன் வந்து, படச்சுருளைச் சுடுதண்ணீரில் போட்டுக் கழுவினால் மேலே இருக்கிற படமெல்லாம் போய்விடும், கண்ணாடி மாதிரி இருக்கிற மிச்சத்தில் நல்ல வளையல் வரும் என்றான். ஞானாதிக்கம் “உப்புமலை ராணி”யை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டான்.

தபீத்தாள் படச்சுருள் இருந்த தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“எந்திரி. எனக்கு அதைப் பாக்கவே புடிக்கல,” என்றான் அண்ணன்.

“அந்த ஆளை நாளைக்கு வரச் சொல்லு. எனக்கு ஒருத்திகிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அவள் உப்பளத்துக்கு நடந்தாள். வடிவு கையிலிருந்த பலகையை ஊன்றி நின்று கேட்டுவிட்டு, “ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லுங்க,” என்றாள். “ஊர்கிட்டயும் சொல்லணும்னா சொல்லுங்க. கழுவிறப் போறாங்கன்னா இனி என்னத்தை மறைக்க.”

சாயங்காலம் ஆளில்லாத கிட்டங்கியில் அண்ணனைப் பெட்டியைச் சுற்றச் சொல்லி, ராணியின் கட்டம் வந்ததும், தபீத்தாள் பாய்க்கு முன்னால் நின்று, ராணி மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, விக்கிய இடத்தில் நிறுத்தி, அத்தனையும் சொன்னாள். ஞானாதிக்கத்தின் கை தானாக மெதுவாயிற்று. கட்டம் முடிந்ததும் சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபடியும் ஓட்டினான். தான் எடுத்த படத்தை அவன் அன்றைக்குத்தான் கேட்டான்.

“நான் அவகிட்ட அழத்தான் சொன்னேன்,” என்றான். “இது எனக்குத் தெரியாம எனக்குக் கெடைச்சிருக்கு.”

“அவகிட்ட எல்லா ஊருக்கும் போவும்னு சொன்னேல்லா?” என்றாள் தபீத்தாள்.

வளையல்காரன் வெறுங்கையோடு திரும்பினான். அந்த வருச உப்பு அறுவடை முடிந்ததும் ஞானாதிக்கம் இரண்டு மாட்டு வண்டி பிடித்தான். ஒன்றில் கூடாரத் துணியும் தோணிப் பாயும், இன்னொன்றில் பெட்டியும் தங்கையும். எட்டயபுரம், கோயில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோயில் என்று ஊர் ஊராகப் போனார்கள். போன இடமெல்லாம் முதலில் தமுக்கடிக்கிறவனைப் பிடித்து, காது கேளாதவர்களுக்கு முன்வரிசை, சும்மா வரலாம் என்று அடிக்கச் சொன்னான். கேளாதவர்களுக்குத் தமுக்கு எப்படிக் கேட்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. மற்றவர்கள் போய்ச் சொன்னார்கள். ஒவ்வொரு ஊரிலும் காக்கை கரைந்ததும் முன்வரிசை நிமிர்ந்தது. ராணி பேசி முடித்ததும் முன்வரிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படம் முடிந்து எழுந்து போகிறபோது தங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் இடது புருவத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வண்டி போகாத ஊருக்கும் அது போனது. கோயில்பட்டியில் படம் கேட்ட, காது கேளாத வண்ணான் ஒருவன் தன் மச்சானுக்குக் கையாலேயே புருவத்தையும் ஆட்டையும் காட்டினான். மச்சான் சந்தையில் இன்னொருவனுக்குக் காட்டினான். கை விரல்களும் புருவங்களுமாக அந்தக் கதை, காது கேட்கிற ஒருவருக்கும் தெரியாமல், கரிசல்காட்டு வழியாக நடந்து சாத்தூருக்கு வந்தது. அங்கே தீப்பெட்டி ஒட்டுகிற கொட்டகையில் பேச வராத ஒருத்தி வேலை பார்த்தாள்; அவளுக்குப் பேர் பேச்சி. பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பேச்சி ஒரு காலையில் திரும்பிப் பார்த்தாள், பசைக் கையாலேயே அவள் முகத்தைத் திருப்பி இடது புருவத்தைத் தொட்டாள், அதற்குப் பிறகு அவள் மணிக்கட்டை விடவில்லை. ரயிலேற்றித் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, உப்புக் கிட்டங்கி வாசலில்தான் விட்டாள்.

ஆவுடைக்குப் பதினாறு வயசு இருக்கும். வந்தவள் வடிவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஓடிப்போன அம்மாவின் மகள் என்றே வளர்ந்தவள். அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டு அவள் வாய் இறுகிப்போயிருந்தது. வடிவு பக்கத்தில் வரவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வெயிலில் நின்றாள்.

ஞானாதிக்கம் கதவைச் சாத்திப் படத்தை ஓட்டினான். தபீத்தாள் ஆவுடையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காதுக்குள் சொன்னாள். அவளுக்குக் குரலை அடக்கத் தெரியாதே. வெளியே கூடியிருந்த ஜனங்களுக்கும் அத்தனையும் கேட்டது. இவ்வளவு நாளும் வெறும் அழுகை என்று நம்பியிருந்தவர்கள், வெயிலில் நின்ற வடிவைப் பார்க்கக் கூசி, தரையைப் பார்த்தார்கள். மேரி மட்டும் போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

ஆவுடை வெளியே வந்தாள். அம்மாவைக் கடந்து நடந்து, ஞானாதிக்கத்திடம் போய் நின்றாள்.

“அந்தப் பெட்டிக்கு முன்னால என்ன சொன்னாலும் யாருக்கும் கேக்காதுல்லா?”

“காது கேக்கவங்களுக்குக் கேக்காது,” என்றான் அவன்.

“அப்போ என்னை எடுங்க. அவுகளுக்கு நேரா எனக்குப் பேச வராது.”

அவன் அவளை உப்புக் குவியலுக்கு முன்னால் நிறுத்தினான். எல்லாரையும் தூரப் போகச் சொன்னான். தன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றினான். ஆவுடை நின்றபடி பேசினாள், கையை நீட்டிப் பேசினாள், உப்பை வாரி எறிந்துகொண்டு பேசினாள். சுருள் தீர்கிற வரை பேசினாள்.

தபீத்தாள் அதை இருட்டறையில் கழுவி, மரச்சட்டத்தில் சுற்றிக் காய வைத்தாள். கடற்காற்றின் ஈரம், சீக்கிரம் காயவில்லை. அதுவரை தாயும் மகளும் ஞானாதிக்கத்தின் வீட்டிலேயே இருந்தார்கள். வடிவு சோறு பொங்கி வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். ஆவுடை வந்து சாப்பிடுவாள். ஒரு நாள் ஆவுடை சாப்பிட்ட கையோடு அம்மாவின் தட்டையும் எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். மகள் கழுவி வைத்ததை அழுக்காக்க மனசில்லாமல், வடிவு அந்தத் தட்டை அன்றைக்குத் திரும்ப எடுக்கவே இல்லை, சோற்றைக் கையில் வைத்தே சாப்பிட்டாள்.

படம் காய்ந்த அன்றைக்கு ஊரே கிட்டங்கிக்கு வந்தது. ஞானாதிக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆவுடையும் சொல்லவில்லை. அவள் கடைசி வரிசையில் பேச்சியோடு உட்கார்ந்துகொண்டாள். வடிவு முன்னால், தபீத்தாளை ஒட்டி உட்கார்ந்தாள். பாயில் ஆவுடை வாயைத் திறந்தாள். மீராசா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“என்ன சொல்லுதா?” என்றாள் வடிவு, தபீத்தாளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி.

தபீத்தாளுக்குத் தயக்கமாக இருந்தது. “திட்டுதா.”

“சொல்லுங்க. விடாமச் சொல்லுங்க.”

தபீத்தாள் சொன்னாள். அம்மை போட்டுக் கிடந்தபோது வேப்பிலை வீச ஆளில்லாமல் கிடந்ததைச் சொல்லித் திட்டுகிறாள். தீப்பெட்டி மருந்தில் கை வெந்ததைச் சொல்லித் திட்டுகிறாள். பெரியவளான அன்றைக்கு யாரோ ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றியதைச் சொல்லித் திட்டுகிறாள். ஓடுகாலி மகள் என்று தெருவில் கூப்பிட்டபோதெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்ததைச் சொல்லித் திட்டுகிறாள். கிட்டங்கியில் ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் இருமவில்லை. ஒவ்வொன்றுக்கும் வடிவு “ஆமா” என்றாள், “ஆமா தாயி” என்றாள், பாயைப் பார்த்தே சொன்னாள்.

சுருள் தீர்கிற நேரம், பாயிலிருந்த ஆவுடை எறிவதை நிறுத்திவிட்டுக் கைகளை உதறினாள். மூச்சு வாங்க நின்றாள். பிறகு பெட்டிக்குக் கிட்டே வந்து அதை நேராகப் பார்த்தாள். பாய் கொள்ளாத அளவு முகம். உதடுகள் திறந்தன, ஒட்டி மூடின, மறுபடியும் திறந்தன.

தபீத்தாள் அதைச் சொல்வதற்கு வாயெடுத்தாள். வடிவு அவள் கையைப் பிடித்து அழுத்தி நிறுத்தினாள்.

“அதை நீங்க சொல்லாண்டாம்க்கா,” என்றாள். “அது எனக்கே கேட்டுட்டு.”